படைவீரர் தொண்டு: ஈகையா, கடனா?

புறத்திணை மரபிலே வஞ்சிக்குரிய துறைகளுள் ஒன்று கொற்றவள்ளை. படையெடுத்துச் சென்ற வேந்தனின் புகழைக் கூறி, அவனாற் பாழ்பட்ட பகைவர் நாட்டுக்கு இரங்குவதே அதன் இயல்பெனப் புறப்பொருள் வெண்பாமாலை கொள்ளும். அவ்விரக்கம் பொய்யானது என்று கூறுவதற்கில்லை. எரிந்த மனைகளும் பாழ்பட்ட வயல்களும் புலவனின் நெஞ்சை வருத்தியே இருக்கும். ஆயினும் அவ்விரக்கம் எவர் முன்னிலையிற் பாடப்பட்டது, எவருக்குப் பயன்பட்டது என்பனவே ஆராயத்தக்கன. ஊரிழந்தவன் அதனைக் கேட்கவில்லை, வென்றவன் கேட்டான், பரிசிலும் அவனே வழங்கினான். ஒன்னாரின் துயரம் வேந்தனின் வலிமைக்குச் சான்றாகவே நின்றது. எரிபரந்தெடுத்தலுக்கு இடம் வகுத்த இலக்கணம், எரியூட்டியவனே திரும்பிச் சென்று அவ்வூரைக் கட்டியெழுப்புவதற்கு ஒரு துறை வகுத்ததில்லை.

வேந்தர் காலம் கழிந்தது, கொற்றவள்ளை கழியவில்லை. படையினர் சமூகத்துக்கு ‘மீளக் கொடுத்தல்’ என்ற கருத்து இன்று உலகின் பல நாடுகளிலும் பெரிதாகப் பேசப்படுகின்றது. இரத்ததானம் செய்தல், பாடசாலைக் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுதல், வறியோருக்கு வீடு கட்டிக் கொடுத்தல், மாணவருக்குக் கொப்பி வழங்குதல், வெள்ளத்திற் சிக்கியோரை மீட்டல் என அதற்குரிய வழிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இவை பயனற்ற செயல்கள் அல்ல. கொடுக்கப்பட்ட இரத்தம் உயிர்காக்கும். கட்டப்பட்ட வீடு மழைக்கு ஒதுங்க உதவும். ஆனால் ‘மீள’ என்ற சொல் தன்னுள்ளே ஒரு கணக்கைக் கொண்டிருக்கின்றது. எதுவோ முன்னர் பெறப்பட்டது அல்லது பறிக்கப்பட்டது என்பது அதன் பொருள். எவரிடமிருந்து எது பெறப்பட்டது என்ற வினாவை விடுத்து, எப்படிக் கொடுக்கலாம் என்று மட்டும் பேசுவது கணக்கேட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபக்கத்தை வாசிப்பதாகும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வகுத்தார். சமூகத்தோடு ஒத்து வாழ்வார் அறிந்து செய்யும் கடப்பாடு ஒன்று. வறியார்க்குக் கொடுத்தல் மற்றொன்று. கடன் தீர்த்தல் இவ்விரண்டினும் வேறானது. ஈகையிற் கொடுப்பவனுக்குப் புகழ் உண்டு. கடன் தீர்ப்பவனுக்குப் புகழ் இல்லை; அவன் தலைநிமிரும் உரிமையை மட்டுமே மீளப் பெறுகின்றான். போரின் பின்னர் படைவீரர் செய்யும் தொண்டினைப் பற்றிய இன்றைய குழப்பங்களிற் பெரும்பாலானவை, கடனை ஈகை என அழைப்பதனாலேயே விளைகின்றன.

1

இதனை விளக்குதற்கு வியட்நாமினும் பொருத்தமான உதாரணம் காண்பது அரிது. ஒரே நாட்டின் வீரர் ஒரே மக்களிடையே இரு வேறு வகைகளில் தொண்டு செய்த வரலாறு அங்கே உண்டு.

முதலாவது வகை போர் நடந்த காலத்தது. 1963 இல் அமெரிக்கப் படை தென் வியட்நாமிலே கிராமிய மருத்துவத் திட்டமொன்றைத் தொடக்கியது. படை மருத்துவரும் உதவியாளரும் கிராமங்களுக்குச் சென்று நோயாளரைப் பார்த்தனர், மாத்திரைகளும் சவர்க்காரமும் வழங்கினர், பற்களைப் பிடுங்கினர். பெருந்தொகையான மக்கள் அம்மருத்துவத்தைப் பெற்றனர் என்பது உண்மையே. ஆனால் காலையில் வந்த குழு மாலையிற் சென்றுவிடும். நாட்பட்ட நோயாளியை மீண்டும் பார்ப்பாரில்லை. மக்களின் மனங்களை வென்றெடுத்தலும், கிராமத்தின் நிலைவரத்தை அறிந்துகொள்ளலும் அத்திட்டத்தோடு பிணைந்திருந்தன. அதே காலத்தில், எவரையும் சுடலாம் என அறிவிக்கப்பட்ட வலயங்கள் அதே நாட்டில் இருந்தன. 1961 முதல் 1971 வரை 7 கோடி லீற்றருக்கு மேற்பட்ட களைகொல்லிகள் அந்நாட்டின் காடுகளிலும் வயல்களிலும் வானிலிருந்து தெளிக்கப்பட்டன. மாத்திரையும் நஞ்சும் ஒரே களஞ்சியத்திலிருந்து வந்தன.

அம்மருத்துவருட் பலர் நல்லெண்ணம் உடையவராயிருந்தனர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. பிரச்சினை தனிமனிதரின் நெஞ்சம் பற்றியதன்று. அவர்தம் செயலை ஆணையிட்டு நடத்திய அமைப்புப் பற்றியது. மேலதிகாரியின் கட்டளைப்படி, பொதுப்பணத்திற் சம்பளம் பெற்று, படையின் நோக்கத்துக்காகச் செய்யப்படும் வேலையைத் தொண்டு என்று அழைத்தல் சொல்லுக்கு இழைக்கப்படும் அநீதி. மறுத்தற்கு உரிமை இல்லாதவன் தொண்டன் ஆகான். அவ்வுதவியைப் பெறுபவனுக்கும் மறுக்கும் உரிமை இல்லை என்பது அதனினும் பெரிய குறைபாடு. துப்பாக்கியோடு வந்து நீட்டப்படும் ரொட்டியை வேண்டாம் என்று சொல்லத்தக்க விவசாயி எவன்?

2

இரண்டாவது வகை போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னர் தோன்றியது. 1975 இன் பின் வாஷிங்டன் அரசு வியட்நாம் மீது விதித்த வர்த்தகத் தடை 1994 வரை நீடித்தது. அத்தடை நிலவிய காலத்திலேயே, 1989 இல், அமெரிக்க முன்னாள் வீரர் குழுவொன்று வுங் தாவு நகருக்குச் சென்று வியட்நாமியரோடு சேர்ந்து சிறு மருத்துவ நிலையம் ஒன்றைக் கட்டியது. அவர்களை எந்தப் படைத்தளபதியும் அனுப்பவில்லை. சீருடை இல்லை, படைக்கலம் இல்லை, தம் அரசின் ஆதரவும் இல்லை. விருந்தினர் என்ற நிலையில், அந்நாட்டவரின் இசைவோடு அவர்கள் சென்றனர்.

1967-68 இல் சைகோனிற் படைப் புலனாய்வுப் பிரிவிற் பணியாற்றிய சக் சேர்சி, 1995 இல் ஹனோயிற் குடியேறி, முதலில் உடற்குறையுற்ற சிறுவருக்கான துணைக்கருவித் திட்டத்தில் உழைத்தார். பின்னர் 2001 இல் குவாங் திரி மாகாணத்தில், வெடிக்காது புதைந்து கிடக்கும் குண்டுகளை அகற்றும் திட்டம் உருவாவதற்குத் துணைநின்றார். போரிற் கடுங் குண்டுவீச்சுக்கு உள்ளான மாகாணங்களுள் குவாங் திரி முதன்மையானது. போர் முடிந்த பின்னரும் நிலத்தில் எஞ்சிய குண்டுகளால் வியட்நாமில் 40,000 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என அந்நாட்டு அரசு கணக்கிட்டுள்ளது. அவ்வேலையில் மண்ணைத் தோண்டுவோரும், எந்த வயலை முதலிற் துப்புரவு செய்வதெனத் தீர்மானிப்போரும் அம்மாகாணத்து மக்களே. முன்னாள் அமெரிக்க வீரரின் பங்கு பணம் திரட்டலும், தொழில்நுட்பம் தேடலும், தம் நாட்டவருக்கு உண்மையை எடுத்துரைத்தலுமாகும்.

ஜோர்ஜ் மிஸோ என்பார் 1968 இன் போரிற் காயமுற்று, தம் தோழரைப் பறிகொடுத்து, மேலும் போரிட மறுத்துச் சிறை சென்றவர். ஹனோய்க்கு அணித்தாயுள்ள வான் கானில் 1998 இல் திறக்கப்பட்ட நட்புறவுக் கிராமம் அவர்தம் எண்ணத்தில் உதித்தது. களைகொல்லி நஞ்சினாற் பாதிக்கப்பட்ட பிள்ளைகளும், வியட்நாமிய முதிய வீரரும் அங்கே பராமரிக்கப்பட்டனர். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, யப்பான் முதலிய நாடுகளின் முன்னாள் வீரரும் சமாதான விரும்பிகளும் அதற்குத் தோள்கொடுத்தனர். ஒரு காலத்தில் எதிரெதிரே நின்று போரிட்டோர் ஒரே மேசையில் அமர்ந்து அதனைத் திட்டமிட்டனர். மிஸோ 2002 இல் மறைந்தார்.

இவ்விரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு கால வேறுபாடு மட்டுமன்று. முன்னதிற் படைவீரன் படையின் முகமாகச் சென்றான். பின்னதிற் கடனாளியாகச் சென்றான். முன்னதில் அவன் எதனைக் கொடுப்பதென்று படை தீர்மானித்தது. பின்னதில் எது தேவை என்று இழந்தவன் சொன்னான்.

3

தொண்டு என்றவுடன் மண்வெட்டியும் மருந்துப் பெட்டியுமே நினைவுக்கு வருகின்றன. படைவீரனால் மட்டுமே செய்யத்தக்க ஒரு தொண்டு உண்டு. அது சான்று கூறுதல். 1968 மார்ச் 16 இல் மை லாய் கிராமத்தில் நிகழ்ந்த படுகொலையில் 504 பேர் மாண்டனர் என வியட்நாமியர் கணக்கிடுவர். பெண்டிரும் சிறாரும் முதியோருமே அவர்களிற் பெரும்பாலார். அன்று ஹெலிகொப்டரிற் பறந்த ஹியூ தொம்ப்சன், தம் படையினருக்கும் தப்பியோடிய கிராமத்தவருக்கும் இடையே அதனைத் தரையிறக்கி, சிலரைக் காப்பாற்றினார். ஓராண்டுக்கு மேலாக அச்செய்தி உலகுக்கு மறைக்கப்பட்டது. அங்கே இருந்திராத ரொன் ரைடன்ஹவர் என்ற இளம் வீரர், தோழர் வாயிலாகக் கேட்டவற்றைத் தொகுத்து, படையிலிருந்து விலகியபின் 1969 மார்ச்சில் அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதினார். விசாரணைக்கு வழிதிறந்தது அக்கடிதமே. ஆயிரம் புட்டி இரத்தத்தைத் தானம் செய்தாலும் அக்கடிதத்துக்கு ஈடாகாது.

தொம்ப்சனுக்குரிய உயர் மதிப்பு 1998 இலேதான் வழங்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் அவர் பலரின் வெறுப்புக்கு உள்ளானார். ஈகை செய்யும் வீரனுக்கு உடனே கைதட்டல் கிடைக்கும். உண்மை பேசும் வீரனுக்குக் கல்லெறி கிடைக்கும். இவ்விரண்டிற் சமூகத்துக்கு உண்மையில் மீளக் கொடுத்தவர் எவர் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கே மற்றொன்றும் வற்புறுத்தப்பட வேண்டும். தனிப்பட்ட வீரரின் தொண்டு எத்துணைத் தூயதாயினும் அது அரசின் கடனைத் தீர்த்துவிடாது. 1973 பாரிஸ் உடன்படிக்கையின் 21 ஆம் உறுப்புரை, போரின் காயங்களை ஆற்றுதற்கு அமெரிக்கா பங்களிக்கும் என்றது. அவ்வாண்டு ஜனாதிபதி நிக்சன் எழுதிய கடிதம் 325 கோடி டொலர் என ஒரு தொகையையும் குறிப்பிட்டது. அப்பணம் கொடுக்கப்படவில்லை. மாறாக, வீழ்ச்சியுற்ற சைகோன் அரசு பட்ட கடனில் ஏறத்தாழ 14.5 கோடி டொலரைத் திருப்பிச் செலுத்துவதற்கு 1997 இல் வியட்நாமே உடன்பட நேர்ந்தது. குண்டு வாங்கியவன் கடன் கட்டினான்.

களைகொல்லியின் கதையும் இத்தகையதே. ‘ஏஜென்ற் ஒறேஞ்’ என்ற அந்நஞ்சினாற் பாதிக்கப்பட்ட அமெரிக்க வீரருக்கு, அதனைத் தயாரித்த கம்பனிகள் 1984 இல் 18 கோடி டொலர் வழங்க இணங்கின. 1991 இல் அவர்களுக்கென ஒரு சட்டமும் நிறைவேறியது. அதே நஞ்சினாற் பாதிக்கப்பட்ட வியட்நாமியர் தொடுத்த வழக்கோ 2005 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்யப்பட்டது. தெளித்தவனின் உடலில் நோயெனக் கொள்ளப்பட்டது, தெளிக்கப்பட்டவனின் உடலில் நிரூபிக்கப்படாதது ஆயிற்று. பின்னர் டா நாங் விமானத்தளத்தின் நச்சு மண் அமெரிக்க அரசின் பணத்தில் 2012 முதல் 2018 வரை துப்புரவு செய்யப்பட்டதென்றால், முன்னாள் வீரர் சிலரும் வியட்நாமியரும் நெடுங்காலம் இணைந்து எழுப்பிய குரல் அதற்கு முன்னே சென்றது. தொண்டு அரசைக் கேள்வி கேட்கும்பொழுது கடன் சிறிதளவேனும் தீர்கின்றது. அரசின் கடனை மறைக்கும் திரையாக அது தொங்கும்பொழுது தீர்வதில்லை.

4

இக்கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படலாம்.

ஒழுங்கும் வாகனமும் பொறியும் ஆள்வலியும் படையிடமே உள்ளன. இடர்வேளையிற் படை வராதாயின் வேறு யார் வருவார் என்பது முதலாவது. 2004 டிசெம்பர் 26 இன் கடல்கோளின்போது இலங்கையிலும் பிற நாடுகளிலும் படையினர் உயிர்களைக் காத்தனர் என்பது உண்மை. ஆனால் அது கடமை. மக்களின் வரியில் வாங்கிய வண்டியை மக்களின் இடரிற் பயன்படுத்துதல் நன்றிக்குரியது எனினும், தொண்டெனக் கொண்டாடுதற்குரியதன்று. செஞ்சோற்றுக்கடன் என்ற பழஞ்சொல் வீரன் தன் வேந்தனுக்குப் பட்ட கடனைக் குறித்தது. இன்றைய அரசிலோ சோறிட்டவன் வரி செலுத்தும் உழவனும் தொழிலாளியுமே. எனவே அக்கடனும் அவர்களுக்கே உரியது. அன்றியும், படையிடமே பொறிகள் உள்ளன என்பது படையின் பெருமையைக் காட்டுவதிலும், குடிசார் நிறுவனங்கள் வறுமைப்படுத்தப்பட்டமையையே காட்டுகின்றது.

படைவீரனும் ஏழைவீட்டுப் பிள்ளையே; போர் அவனையும் சிதைத்தது; தொண்டு அவனுக்கு ஆறுதல் தருமன்றோ என்பது இரண்டாவது. இவ்வாதம் மதிக்கத்தக்கது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர் 1970களில் தமக்குள்ளே கூடிப் பேசி ஆற்றிய குழுக்கள், போர்க்கால மனவடு ஒரு நோயென 1980 இல் மருத்துவ உலகம் ஏற்பதற்குத் துணைபுரிந்தன. 2010 இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்பின் அமெரிக்க முன்னாள் வீரர் தொடங்கிய இடருதவி இயக்கமும், வீரர்க்கு வாழ்வில் ஒரு குறிக்கோளை மீட்டுத் தருவதாகவே தன்னை விளக்கியது. இவை நல்லனவே. எனினும் கொடுப்பவனின் ஆறுதல் தொண்டின் அளவுகோலாகுமாயின், துன்புற்றவன் அவனது மருந்தாகிவிடுவான். ஆறுதல் பக்கவிளைவாகலாம், நோக்கமாதல் தகாது.

பகைவனிடமிருந்து உதவி பெறுவதாற் பகை தணியும் என்பது மூன்றாவது. தணியலாம், ஆயின் அதற்குரிய காலத்தைத் தீர்மானிப்பவன் பெறுபவனே. படைவரி செலுத்த மறுத்துச் சிறை சென்ற சுவிற்சர்லாந்தினரான பியர் செரசோல், 1920 நவம்பரில் வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்னெ என்ற பிரெஞ்சுக் கிராமத்தில், பாழடைந்த ஊரைக் கட்டியெழுப்பும் முகாமொன்றை அமைத்தார். அதில் ஜெர்மானியரும் இருந்தனர். அவர்கள் குடில்கள் அமைத்தனர், வழிகளைச் செப்பனிட்டனர். ஆயினும் ஜெர்மானியர் அங்கிருப்பதற்கு உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. 1921 ஏப்ரலுடன் முகாம் கலைந்தது. அது தோல்வியெனச் சிலர் கருதுவர். மறுப்பைக் கேட்டு விலகத் தெரிந்தமையே அம்முகாமின் சிறப்பு. அதிலிருந்தே சர்வதேசக் குடித்தொண்டு இயக்கம் வளர்ந்தது. 1934 இல் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தபோது செரசோல் அங்கும் வந்து உழைத்தார்.

5

இவ்வளவுகோலை இலங்கைக்குப் பொருத்திப் பாராது விடுதல் நேர்மையாகாது. 2009 மேயிற் போர் முடிந்தபின், வடக்குக் கிழக்கில் படையினர் வீடு கட்டிக் கொடுத்தனர்; மாணவருக்குப் பாதணியும் கொப்பியும் வழங்கினர்; இரத்ததானம் செய்தனர். அதே காலத்தில் அதே மக்களின் காணிகள் பல படையின் வசம் இருந்தன. முன்பள்ளி ஆசிரியர் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். கல்வித் திணைக்களம் செய்ய வேண்டியதைப் பாதுகாப்புத் திணைக்களம் செய்யும்பொழுது, குழந்தையின் அரிச்சுவடிக்குள்ளும் சீருடை நுழைகின்றது. கேப்பாப்புலவு மக்கள் 2017 இல் முகாம் வாயிலில் மாதக்கணக்காக அமர்ந்து கேட்டது புது வீட்டையன்று; தம் சொந்தக் காணியையே. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் கேட்டது அன்பளிப்பையன்று, ஒரு பதிலையே. இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்பட்டபொழுது, பணம் வேண்டாம், பிள்ளை எங்கே என்று கூறுங்கள் என அவர்களுட் பலர் மறுத்தனர். கடன் எது, ஈகை எது என்பதை எந்த அறிஞனையும்விடத் தெளிவாக அத்தாய்மார் அறிந்திருந்தனர்.

இந்நாட்டுப் படையினர் செய்தவற்றுட் கடன் தீர்த்தலுக்கு மிக அணித்தாய் வருவது கண்ணிவெடி அகற்றலே. அது சம்பளத்துக்குச் செய்யப்பட்ட வேலையாயினும், போரிட்டோர் புதைத்ததைப் போரிட்டோரே தம் உயிரைப் பணயம் வைத்து அகற்றிய வேலை. வீட்டைக் கொடுத்தல் புகைப்படத்துக்கு உகந்தது; வெடியை அகற்றிவிட்டு அக்காணியை உரியவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுதல் அறத்துக்கு உகந்தது.

அளவுகோல் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாயின் அது அளவுகோல் அன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களைச் சில நாட்களுள் வெளியேற்றினர். ஏறத்தாழ 70,000 பேர் வீடும் காணியும் இழந்தனர். திரும்பி வந்தோர் பலர் தம் வளவுகளைப் பற்றைக்காடாகவே கண்டனர். ஆயுதமேந்தியோர் பட்ட அக்கடனை, அவர்தம் பெயரால் தலைநிமிர்ந்து நடந்த சமூகமும் சுமக்கின்றது. அப்பற்றைக்காட்டை வெட்டித் துப்புரவாக்க எத்தனை தமிழ் இளைஞர் சென்றனர் என்பது, பிறரின் கடனைக் கேட்கும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா.

முடிவாக, படைவீரரின் தொண்டினை மதிப்பிடுதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை. அவர் சீருடையையும் படைக்கலத்தையும் வெளியே வைத்துவிட்டு வந்தாரா? நடந்ததை நடந்தவாறு கூறினாரா? வேண்டாம் என்று சொல்ல எதிரிலிருப்பவருக்கு உரிமை இருந்ததா? மூன்றுக்கும் ஆம் என்று விடையிறுக்கத்தக்க வீரர் உலகில் உளர். அவர்களின் தொகை சிறிது. அவர்களின் பெருமை பெரிது. ஏனைய யாவும், அவை எத்துணைப் பயனுடையனவாயினும், வென்றோன் அவையிற் பாடப்படும் கொற்றவள்ளையே. பல்கலைக்கழகத்து இளந்தலைமுறை அப்பாடலுக்குத் தாளமிடுவதை விடுத்து, எரிந்த ஊரின் வாயிலில் நின்று கணக்கைக் கேட்டறிதல் வேண்டும்.